விடுவதற்கு ஒன்று வேண்டும்

அத்தியாயம் 12

பட்டினி கிடக்க அந்த வருஷம் கொழும்பில் யாருக்கும் வேதம் தேவைப்படவில்லை. கூப்பன் அரிசி பாதியாகக் குறைந்திருந்தது. பாண் ரொட்டிக்கு விடியுமுன்னே போய் வரிசையில் நிற்க வேண்டும். நின்றவர்களுக்கெல்லாம் கிடைத்துவிடும் என்றும் இல்லை. மரவள்ளிக் கிழங்கைக் காலையில் அவித்தும் மத்தியானம் கறி வைத்தும் இரவில் மறுபடி அவித்தும் தின்றுகொண்டிருந்த ஜனங்கள், "எங்களுக்கு வருஷம் முழுக்கத் தபசுகாலம்தானே" என்று கொட்டாஞ்சேனைச் சந்தியில் பகிடி விட்டார்கள்.

மதலேனம்மா வீட்டில் அந்தப் பகிடி செல்லாது. இல்லாமல் கிடப்பது வேறு, விட்டுக் கிடப்பது வேறு என்பது அவளுடைய சித்தாந்தம். கிடைக்காததைத் தின்னாமல் இருப்பதில் என்ன புண்ணியம்? விடுவதற்கு முதலில் கையில் ஒன்று இருக்க வேண்டும்.

ரோமாபுரியில் போப்பாண்டவர் மனமிரங்கி, உயிர்ப்புத் திருநாளுக்கு முந்திய நாற்பது நாள் தபசுகாலத்து ஒருசந்தியை விபூதிப் புதனுக்கும் பெரிய வெள்ளிக்குமாகக் குறைத்துச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. மதலேனம்மா கொடுக்கவில்லை. அவள் வீட்டில் தபசுகாலத்து வெள்ளிக்கிழமை ஒவ்வொன்றும் ஒருசந்திதான். ஒரே ஒரு நேரச் சாப்பாடு. அதுவும் ஆண்டவர் உயிர்விட்ட மூன்று மணிக்குப் பிறகு. அதுவரைக்கும் பச்சைத் தண்ணீர் பல்லில் படக்கூடாது.

அந்த வீட்டுக்கு நாகம்மை எப்படி வந்து சேர்ந்தாள் என்பது இந்தக் கதையை வாராவாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும். மற்றவர்கள் இவ்வளவு தெரிந்துகொண்டால் போதும். செட்டியார் தெருவில் பித்தளைப் பாத்திரக் கடை வைத்திருக்கும் கண்ணப்பன் செட்டியாரின் ஒரே மகள் அவள். துறைமுகக் கந்தோரில் கிளார்க்காக இருக்கும் நோபேட்டை, வீட்டில் சொல்லாமல் போய்ப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். செட்டியார் தலைமுழுகிவிட்டார். நோபேட்டின் தாயார் மதலேனம்மா தலைமுழுகவில்லை. வேறொரு வழி கண்டுபிடித்தாள். பதிவுக் கந்தோரில் கையெழுத்து வைத்ததெல்லாம் அவளுக்குக் கலியாணம் இல்லை. பெண் ஞானஸ்நானம் பெற்று, கோயிலில் தாலி ஏறும்வரைக்கும் அவள் மருமகளும் இல்லை. ஆகவே நாகம்மை மாமியாரின் அறையில் பாய் போட்டுப் படுத்தாள். கட்டிய புருஷன் ஹோலில் கான்வாஸ் கட்டிலில் படுத்தான்.

ஞானஸ்நானம் அடுத்த வாரத்துச் சனிக்கிழமை, ஆண்டவர் உயிர்த்தெழுந்த பாஸ்குத் திருவிழா இரவில். வைக்கப்போகிற பெயரும் முடிவாகியிருந்தது. லூசியா. தேர்ந்தெடுத்தது மதலேனம்மா.

இந்த நிலையில்தான் சென்ற வாரம் செட்டியார் கடையில் வேலை பார்க்கும் வேலுசாமி வந்து வாசலில் நின்றான். முதலாளிக்கு நெஞ்சுவலி கண்டு பாயோடு கிடக்கிறார் என்றான். டாக்டர் கைவிரித்துவிட்டார், பாப்பாவை ஒருதரம் பார்க்க வேண்டும் என்கிறார் என்றான். சொல்லிவிட்டு அழுதான்.

மதலேனம்மா மறுக்கவில்லை. கோயில் சுவாமியாரிடம் கேட்க வேண்டும் என்றாள். சுவாமியார், பெற்ற தகப்பனைப் பார்க்கப் போவதற்கு என்னிடம் எதற்கு உத்தரவு என்று சத்தம் போட்டு அனுப்பிவிட்டார். சரி, போகட்டும் என்று இறங்கி வந்த மதலேனம்மா, போவதற்கு நாள் மட்டும் தானே குறித்தாள். வெள்ளிக்கிழமை. ஒருசந்தி நாள் என்றால் அந்த வீட்டில் கை நனைக்க முடியாது அல்லவா?

"அங்க போய் ஒண்டும் வாயில வைக்கக்கூடாது பிள்ளை. தண்ணியும்தான். விபூதி தந்தாலும் வாங்காதை. சிலுவைப்பாதைக்கு முதல் வந்து சேர்ந்திடோணும்" என்று வாசற்படியில் வைத்துச் சொல்லி அனுப்பினாள்.

நாகம்மை தலையை ஆட்டிவிட்டு இறங்கினாள். நோபேட் காலையிலேயே கந்தோருக்குப் போய்விட்டான். போகும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. தகப்பன் படுத்திருக்கிற கவலையில் இருப்பவளிடம் என்ன பேசுவதென்று தெரியாமல் போகிறான் என்று அவளே அவனுக்காக ஒரு நியாயம் கற்பித்துக்கொண்டாள். கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவள் நன்றாகப் பழகியிருந்த வேலை அது.

ஜம்பட்டா வீதி வெயில் தலையில் இறங்கியது. தொண்டை வறண்டது. அதைவிட வயிற்றில் ஒன்று கனத்துக் கிடந்தது. தபசுகாலம் தொடங்குவதற்கு முதல்நாள் இரவு உள்ளே போனது. வாரக்கணக்காகியும் அது செரிக்கவில்லை.

அந்த இரவை இங்கே சொல்லியாக வேண்டும்.

செட்டிமார் வீடுகளில் கோழியும் வேகும், ஆடும் வேகும். கண்ணப்பன் செட்டியார் வீட்டில் மட்டும் முட்டைகூட அடுப்பேறாது. நாகம்மை குழந்தையாக இருந்தபோது விஷக்காய்ச்சலில் கிடந்தாள். பிழைக்கமாட்டாள் என்று எல்லோரும் சொன்ன நேரத்தில், என் பிள்ளை எழுந்து நடந்தால் இந்த வீட்டில் இனி மச்ச மாமிசம் இல்லை என்று செட்டியார் கதிர்காமத்து முருகனுக்கு நேர்ந்துகொண்டார். பிள்ளை எழுந்து நடந்தது. அவளுடைய உயிருக்கு ஈடாக வந்த விரதம் அது. அது அவளுக்கும் தெரியும்.

விபூதிப் புதனுக்கு முதல்நாள் மேசையில் மூன்று பேர் இருந்தார்கள். இந்தத் தபசுக்கு யார் யார் எதை விடுகிறீர்கள் என்று மதலேனம்மா வழக்கம்போலக் கேட்டாள். நோபேட் சிகரெட் என்றான். மதலேனம்மா இறைச்சியும் மீனும் சீனி போட்ட தேத்தண்ணியும் என்றாள். நாகம்மை வெகு சந்தோஷமாக, தானும் இறைச்சி மீன் தொடமாட்டேன் என்றாள்.

மதலேனம்மா சிரித்துவிட்டாள். கேலிச் சிரிப்பு என்றுகூடச் சொல்ல முடியாது. பாடம் தப்பாகச் சொன்ன பிள்ளையைப் பார்த்து டீச்சர் சிரிப்பதுண்டே, அந்தச் சிரிப்பு.

"நீ எப்ப இறைச்சி திண்டனீ, இப்ப விடுறதுக்கு? உன்ர வீட்டில அது பழக்கம். பழக்கம் தபசாகாது பிள்ளை. விடுறதுக்கு ஒண்டு வேணுமெல்லோ."

சொல்லிக்கொண்டே சட்டியைத் திறந்தாள். நோபேட் வேலை முடிந்து வருகிற வழியில் வாங்கி வந்திருந்த மாட்டிறைச்சி. அந்தப் பஞ்சத்திலும் தபசுக்கு முதல்நாள் இறைச்சி சமைப்பது அந்த வீட்டு வழமை. இரண்டு துண்டை எடுத்து நாகம்மையின் தட்டில், அவித்த மரவள்ளிக்குப் பக்கத்தில் வைத்தாள். இன்று தின்றுவிட்டு நாளைக்கு விடு, அப்போதுதான் ஆண்டவர் கணக்கில் எடுப்பார் என்றாள்.

எந்த ஞானோபதேசப் புத்தகத்திலும் இல்லாத சட்டம் இது. சுவாமியார் கேட்டிருந்தால் சட்டியைத் தூக்கி வெளியே போட்டிருப்பார். ஆனால் அவரிடம் கேட்க நாகம்மைக்குத் தோன்றவில்லை. இந்த வீட்டில் ஒரு தட்டுக்கு உரியவளாகிவிட வேண்டும் என்ற தவிப்பு அவளுக்கு. நோபேட்டைப் பார்த்தாள். அவன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். "ஒரு துண்டு போதும் அம்மா" என்று ஒரு தடவை சொன்னான். அவ்வளவுதான் அவனுடைய வீரம்.

தின்றாள். குளியலறைக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தாள். முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்தபோது இரண்டாவது துண்டு தட்டில் அப்படியே இருந்தது. அதையும் தின்றாள்.

விடிந்ததும் சுவாமியார் நெற்றியில் சாம்பல் பூசினார். அன்றிலிருந்து மற்றவர்களைப் போல அவளும் இறைச்சியை விட்டவளானாள். பெருமையாகக்கூட இருந்தது, பாவம்.

செட்டியார் தெரு நகைக்கடைகளின் கண்ணாடியில் வெயில் பட்டுக் கண்ணைக் குத்தியது. பாத்திரக் கடை பாதி திறந்திருந்தது. கல்லாவில் இருந்த வேலுசாமி அவளைக் கண்டதும் எழுந்து ஒதுங்கி, மேல்மாடிக்குப் போகும் மரப்படியைக் காட்டினான். ஏதோ அவளுக்கு வழி தெரியாது என்பது போல.

படியின் உச்சியில் தாயார் மெய்யம்மை நின்றாள். மெலிந்துபோயிருந்தாள். கட்டிப்பிடிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. உள்ளே போய் ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள்.

"வெயில்ல நடந்து வந்திருக்கே. குடி."

கை தானாக நீண்டது. பாதி வழியில் நின்றது.

"வேணாம் ஆத்தா. இன்னிக்கு எனக்கு விரதம். மூணு மணி வரைக்கும் தண்ணி கூடாது."

கொட்டாஞ்சேனையில் 'மாமி', 'ஓம்', 'இல்லையெண்டு' என்று பேசப் பழகிய வாய், இந்தப் படி ஏறியதும் தன்பாட்டில் பழைய பேச்சுக்குத் திரும்பியிருந்தது. அது ஒன்றுதான் திரும்பியிருந்தது.

மெய்யம்மைக்கு விரதம் என்றால் தெரியும். வாழ்நாள் முழுக்க விரதம் இருந்தவள் அவள். வந்தவள் தாகத்தோடு நிற்கும்போது தண்ணீரைத் தடுக்கிற விரதம்தான் அவளுக்குத் தெரியாது. எங்க வீட்டுத் தண்ணியும் உனக்கு ஆகாமப் போச்சா என்று கேட்க வாயெடுத்தவள், கேட்காமல் செம்பைச் சுவரோரம் வைத்தாள். கேட்டிருந்தால் நாகம்மை அழுதிருப்பாள். அழுதிருந்தால் ஒருவேளை இந்த அத்தியாயமே வேறு மாதிரி முடிந்திருக்கும்.

"உங்க அப்பச்சி ஒண்ணே ஒண்ணு கேப்பாக" என்றாள் மெய்யம்மை. "உள்ளதைச் சொல்லிடு. சுத்தி வளைக்காதே."

என்ன கேட்பார் என்று நாகம்மை கேட்கவில்லை. மன்னிப்புக் கேள் என்பார், திரும்பி வா என்பார் என்று தானே நினைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

கண்ணப்பன் செட்டியார் ஒரு காலத்தில் தெரு முழுக்கக் கேட்கும்படி பேசுகிறவர். இப்போது தலையணையில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தார். நெற்றியில் மூன்று வரி விபூதி மட்டும் பழைய செட்டியாருடையது. மகளைக் கண்டதும் அவர் கண்கள் நிறைந்தன. அவள் காலடியில் உட்கார்ந்தாள். அவள் காலைப் பிடித்துவிட்டாள். அவர் காலை இழுத்துக்கொள்ளவில்லை.

பிறகு கட்டிலருகே மூடி வைத்திருந்த பித்தளைத் தம்ளரைக் காட்டினார். துளசித் தண்ணீர். டாக்டர் வாய் வாயாகத்தான் கொடுக்கச் சொல்லியிருந்தார்.

"உன் கையால ஒரு வாய் குடு. அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க அப்பச்சி."

"மாட்டிறைச்சி தின்னியா?"

தம்ளர் கையில் இருந்தது.

எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி? ஆம் என்றால், இவளை உயிரோடு எழுப்புவதற்காக அவர் நேர்ந்துகொண்டதை இவளே தின்று தீர்த்துவிட்டாள் என்பதைச் சாகப்போகிற காதில் சொல்ல வேண்டும். இல்லை என்றால் பொய். பொய் பாவம் என்று ஞானோபதேச வகுப்பில் படித்தாயிற்று. ஆனால் பாவத்துக்குப் பிராயச்சித்தம் உண்டு என்றும் அதே வகுப்பில் படித்தாயிற்று. அப்பச்சியின் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்தாள். ஒரு வார்த்தை சொன்னால் இந்தத் தண்ணீர் உள்ளே போகும். நிம்மதியாகப் போவார். தாயார் சொன்னது நினைவுக்கு வந்தது. வந்ததும் அதைத் தள்ளிவிட்டாள்.

"இல்லை அப்பச்சி."

செட்டியார் அவளையே பார்த்தார். கோபம் வரும் என்று அவள் பயந்திருந்தாள். கோபம் வந்திருந்தால் தேவலை. வெகுநாள் தேடிய பொருள் கிடைத்து, எடுத்துப் பார்த்தால் அது உடைந்திருப்பதைக் கண்டவரின் முகமாக இருந்தது அது.

"தம்ளரை அங்கிட்டு வை."

"அப்பச்சி..."

"தின்னேன்னு சொல்லியிருந்தா குடிச்சிருப்பேன். தெரிஞ்சுதானே வரச்சொன்னேன்." மூச்சு வாங்கியது. நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "உள்ள போனது போகட்டும். முருகன்கிட்ட அதுக்கு நான் பதில் சொல்லிக்குவேன். வாயிலிருந்து வந்துச்சே, அதுதான் தாங்கல."

இதே வார்த்தையை இந்தத் தபசுகாலத்தில் சுவாமியார் வகுப்பில் சொல்லக் கேட்டிருந்தாள் நாகம்மை. வாய்க்குள் போவது மனிதனைத் தீட்டுப்படுத்தாது, வாயிலிருந்து வருவதே தீட்டுப்படுத்தும் என்று ஆண்டவர் சொன்னாராம். மனப்பாடம் செய்து ஒப்புவித்து நல்ல பெயரும் வாங்கியிருந்தாள். வேதப் புத்தகத்தைக் கையால் தொடாத செட்டியாருக்கு அது தெரிந்திருந்தது. படித்தவளுக்கு நேரத்துக்கு உதவவில்லை.

அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அவள் அழுதாள், கெஞ்சினாள், உண்மையைச் சொன்னாள். யார் வைத்தார்கள், ஏன் தின்றாள், எங்கே வாந்தி எடுத்தாள் என்று எல்லாம் சொன்னாள். செட்டியாருக்குக் காது கேட்டது. ஆனால் திரும்பவில்லை. கடைசியில் மெய்யம்மை வந்து தோளைத் தொட்டு எழுப்பி வெளியே கூட்டிப் போனாள். தண்ணீரை அவள்தான் கொடுத்தாள். கணவர் குடித்தார். கதவருகே நின்று நாகம்மை அதையும் பார்த்தாள்.

படி இறங்குமுன் திரும்பிக் கேட்டாள். தெரியும் என்றாரே, யார் சொன்னது?

"உங்க வீட்டுலேருந்து வந்துதான் சொன்னாக."

"மாமியாரா?"

மெய்யம்மை கொஞ்சம் தயங்கினாள். மகளுக்கு இன்றைக்கு இவ்வளவு போதும் என்று நினைத்திருக்கலாம். பிறகு, இனி மறைத்து ஆவதென்ன என்றும் நினைத்திருக்கலாம்.

"உன் வீட்டுக்காரருடி."

விபூதிப் புதன் கழிந்த சனிக்கிழமை வந்தானாம். செருப்பை வெளியே கழற்றிவிட்டு, கல்லாவுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றானாம். வேலுசாமியையும் வாடிக்கையாளர்களையும் வைத்துக்கொண்டே சொன்னானாம். அவள் மாட்டிறைச்சி சாப்பிட்டுவிட்டாள், இனி உங்கள் வீட்டில் சேர்க்க முடியாது, அவளைத் திருப்பி அழைக்கிற எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள் என்று. மரியாதையாகத்தான் சொன்னானாம். செட்டியார் கடையைச் சாத்தச் சொல்லிவிட்டு மேலே வந்தார்.

"அன்னிக்குப் படுத்தவுகதான்" என்றாள் மெய்யம்மை.

நாகம்மை எப்படி வீடு வந்து சேர்ந்தாள் என்று அவளுக்கே தெரியாது. நடுவில் எங்கோ ஒரு கோயில் மணி மூன்று அடித்தது. வழியில் குழாய் இருந்தது. குடிக்கவில்லை. விரதம் முடிந்த பிறகும் தாகம் அவளுக்கு உறைக்கவில்லை.

ஹோலில் நோபேட் தன் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். அன்று மாலைச் சிலுவைப்பாதையில் கோவிலைச் சுற்றி மரச்சிலுவையைச் சுமந்து செல்ல அவனைத்தான் தெரிந்தெடுத்திருந்தார்கள். ஒரு மாதமாக மதலேனம்மா அக்கம்பக்கத்தில் சொல்லிச் சொல்லி மகிழ்ந்த விஷயம். அவள் குசினியில் இருந்தாள்; சட்டி பானைச் சத்தம் கேட்டது.

"மாமா எப்பிடி இருக்கிறார்?" என்று நோபேட் சட்டையைப் பார்த்தபடியே கேட்டான்.

"என்ர கையால தண்ணி குடிக்கேல்லை."

அவன் கை நின்றது.

"நீங்கள் கடைக்குப் போனனீங்களா?"

இல்லை என்று சொல்வான் என எதிர்பார்த்தாள். சொன்னால் நன்றாயிருக்கும் என்றுகூட ஒரு கணம் ஆசைப்பட்டாள். தான் சொன்ன பொய்க்குத் துணையாக ஒரு பொய். ஆனால் நோபேட் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, போனேன் என்றான்.

குரலைத் தாழ்த்திக்கொண்டு விளக்கமும் சொன்னான். அவள் இரவில் அழுவது ஹோலில் படுத்திருக்கும் அவனுக்குக் கேட்குமாம். அம்மாவோடு சச்சரவு வந்த ஒருநாள், அப்பச்சி வீட்டுக்கே போய்விடுகிறேன் என்று அவள் சொன்னது அவன் நெஞ்சில் தைத்துவிட்டதாம். ஒருநாள் கந்தோரிலிருந்து வரும்போது அவள் இல்லாமல் போய்விடுவாளோ என்று தினமும் பயந்தானாம். அந்தக் கதவு ஒன்று திறந்திருக்கிறபடியால்தானே அவளுக்குப் போகிற எண்ணம் வருகிறது? அதைச் சாத்திவிட்டால் மனம் இங்கேயே ஊன்றிவிடும் என்று நினைத்தானாம்.

"உன்னை இழக்கக்கூடாதெண்டுதான் நாகு."

குதிரை கீழே தள்ளியதுமல்லாமல் குழியும் பறித்ததாம். தாயார் தட்டில் வைத்தாள். மகன் அதைக் கொண்டுபோய்க் கடைத்தெருவில் சொன்னான். இரண்டும் இவள் நன்மைக்காகவே. நாகம்மைக்குச் சிரிப்பு வந்தது. வாழ்க்கையில் அப்படி ஒரு கசப்பான சிரிப்பை அவள் அதற்கு முன் சிரித்ததில்லை.

அவள் சிரித்ததும் அவனுக்குத் தைரியம் வந்துவிட்டது. மூடன்.

"நான் செய்தது பிழையெண்டு எனக்கும் தெரியும். அடுத்த கிழமையே பாவசங்கீர்த்தனத்தில சுவாமியிட்டச் சொல்லிட்டன். அவர் தந்த அபராத செபமெல்லாம் சொல்லி முடிச்சிட்டன். மன்னிப்புக் கிடைச்சிட்டுது."

"என்னட்டச் சொல்லேல்லையே."

அவன் கணக்கில் அது தீர்ந்துபோன பாவம். அந்தப் பாவத்தால் அடிபட்டவள் பக்கத்து அறையில் படுத்திருக்கிறாள், அவளிடமும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. அதைச் சொல்லாமல் அவன் நற்கருணை வாங்கினான். சிலுவை சுமக்கவும் சம்மதித்தான். தன் பொய்க்காவது இரவு முழுக்க அழலாம் என்றிருந்தது நாகம்மைக்கு. அவனுடைய உண்மையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

மதலேனம்மா கோப்பையும் கையுமாக வந்தாள். கோப்பையில் அரிசிக் கஞ்சி. தேங்காய்ப்பால் விட்டு, பக்கத்தில் ஒரு துண்டு எலுமிச்சங்காய் ஊறுகாய். அந்த வாரத்துக் கூப்பன் அரிசியில் மிஞ்சியது அவ்வளவுதான். தனக்கு மரவள்ளியை வைத்துக்கொண்டு அதை இவளுக்காகக் காய்ச்சியிருந்தாள். கொடியவள் என்று ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாத பிறவி.

"அங்க ஏதும் வாயில வைச்சியோ பிள்ளை?"

இல்லை என்றாள் நாகம்மை.

"தண்ணி?"

அதுவும் இல்லை என்றாள். விபூதியும் வாங்கவில்லை என்று கேட்குமுன்னே சொல்லிவிட்டாள். மூன்றும் உண்மை.

மதலேனம்மாவின் முகம் மலர்ந்தது. முதல்முறையாக அவள் தலையைத் தடவிக் கொடுத்தாள். தாகத்தோடு போய்த் தாகத்தோடு திரும்பி வந்திருக்கிறாளே, இந்த வீட்டில் பிறந்ததுகள்கூட இப்படித் தபசு பிடிக்கவில்லை என்று மகனைப் பார்த்துச் சொன்னாள். லூசியா என்று அழைத்து, கஞ்சியை ஆறுமுன் குடிக்கச் சொன்னாள்.

நாகம்மை கோப்பையை வாங்கிக்கொள்ளவில்லை. அது மேசையில், அன்று இறைச்சித் தட்டு இருந்த அதே இடத்தில் இருந்தது.

"மாமி, நீங்கள் அண்டைக்குச் சொன்னது சரிதான்" என்றாள். "விடுறதுக்குக் கையில ஒண்டு வேணும். இல்லாததை விட ஏலாது."

"ஓம், பின்ன. அதைத்தானே சொன்னனான்."

"இறைச்சி எனக்கு எப்பவும் இருந்ததில்லை. அப்பச்சியிட்ட இருந்த விரதம் இண்டைக்குப் போயிட்டுது. அப்பச்சியும் போயிட்டார், உயிர் மட்டும்தான் மிச்சம்." அவள் நோபேட்டைப் பார்த்தாள். "இப்ப என்ர கையில இருக்கிறது ஒண்டே ஒண்டுதான். சனிக்கிழமை ஞானஸ்நானத்துக்கு இன்னும் நாள் கிடக்கு. விடுறதோ வைச்சிருக்கிறதோ எண்டு யோசிச்சுச் சொல்லுறன்."

மதலேனம்மாவுக்குப் புரியவில்லை. பசியில் பிதற்றுகிறாள் என்று நினைத்து, கஞ்சியைக் குடி, எல்லாம் சரியாகிவிடும் என்றாள். நோபேட்டுக்குப் புரிந்தது. பாதி இஸ்திரி போட்ட சட்டையைக் கையில் பிடித்தபடி நின்றான். போட்டுக்கொள்ளவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை.

கோயில் மணி அடித்தது. ஆட்கள் கூடிவிட்டார்கள், சுவாமியார் தேடுகிறார், சிலுவையைத் தூக்க வா என்று வாசலில் யாரோ அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.